310 ரூபாய் பாக்கி

(காரைக்குடி. வளவில் விரித்த பாயில் ஒரு பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.)

பேரன்: அப்பத்தா, இதற்குள் ஆறு கட்டி பார் சோப்பு எப்படி வந்தது?

அப்பத்தா: நான்தான் வைத்தேன். போய் இறங்கியதும் கடை தேடி அலைய வேண்டாம் பார்.

பேரன்: எனக்கு எதற்கு சோப்பு?

அப்பத்தா: ராத்திரி போனில் யாரிடமோ கேட்டாயே, காதில் விழுந்தது. "துணி துவைக்கிற கடையில் எத்தனை மெஷின் இருக்கிறது, எல்லாம் ஓடுகிறதா, சனிக்கிழமை முழுக்க நான் அங்கேதான்" என்றாய். கம்பெனி வேலையாக அமெரிக்கா போகிறான் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறேன். பரவாயில்லை, எந்த வேலையும் இழிவில்லை. எதிர்வீட்டு ஆச்சி காதில் மட்டும் போட்டுவிடாதே.

பேரன்: ஐயோ, துவைக்கப் போகவில்லை. கம்பெனி வேலை திங்கட்கிழமைதான். சனிக்கிழமை விளையாடப் போகிறேன்.

அப்பத்தா: துவைக்கிற கடையிலா?

பேரன்: ஆமாம். நியூயார்க்கில் புரூக்ளின் பக்கம் கிரீன்பாயிண்ட் என்று ஓர் இடம். அங்கே சன்ஷைன் லாண்ட்ரோமேட் என்று ஒரு சலவைக் கடை. முன்னால் துணி மெஷின்கள். பின்னால் ஒரு கதவு, அதுவும் பார்வைக்குத் துணி மெஷின் மாதிரியே இருக்கும். திறந்தால் உள்ளே வரிசையாகப் பின்பால் மெஷின்கள்.

அப்பத்தா: மெஷின் மாதிரி கதவு. உள்ளே வெளியே தெரியாமல் ஒரு ஆட்டம். காசு வைத்துத்தானே?

பேரன்: வைத்து இல்லை அப்பத்தா. போட்டு.

அப்பத்தா: வைப்பதற்கும் போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

பேரன்: வைத்தால் திரும்பி வந்தாலும் வரும். போட்டால் வராது.

அப்பத்தா: அப்படியானால் சூதாட்டமே தேவலாம்.

பேரன்: இது சூது இல்லை. கைத்திறமை. பெரிய மேஜை, மேலே கண்ணாடி. ஆறரை டிகிரி வாட்டம் கொடுத்திருப்பார்கள். மேலேயிருந்து ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும். அடியில் இரண்டு கட்டை, அவற்றுக்கு இரண்டு பக்கமும் பொத்தான். நடுவில் இருக்கிற சந்தில் குண்டு விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்பத்தா: விழுந்துவிட்டால்?

பேரன்: அடுத்த குண்டு வரும். பெரும்பாலும் ஓர் ஆட்டத்துக்கு மூன்று.

அப்பத்தா: என்ன கனம் இருக்கும்?

பேரன்: 80 கிராம்.

அப்பத்தா: பத்துப் பவுன்!

பேரன்: இரும்பு அப்பத்தா.

அப்பத்தா: எதுவாகவும் இருக்கட்டும். பத்துப் பவுன் எடை சந்தில் விழுவதை என்னால் நின்று பார்க்க முடியாது. நம் இரண்டாம் கட்டு முற்றத்துக்கும் வாட்டம் இருக்கிறது. கோலிக்குண்டை விட்டால் நேராகப் போய்த் தண்ணீர் போகிற துவாரத்தில் விழும். ஏழு வயதில் நாள் பூராவும் அதைத்தான் செய்தாய். அதற்கு விசா கேட்டார்களா?

பேரன்: அதில் ஏது தட்டுகிற கட்டை?

அப்பத்தா: விளக்குமாறு இருக்கிறது.

பேரன்: சரி, விடுங்கள். இந்த மெஷினைக் கையால் லேசாக ஆட்டலாம், தெரியுமா? குண்டு தப்பாகப் போனால் இடுப்பால் ஒரு தட்டு. ஆனால் அளவு உண்டு. உள்ளே ஓர் ஊசல் தொங்கும். அது சுற்றியிருக்கிற வளையத்தைத் தொட்டுவிட்டால் 'டில்ட்' என்று எழுத்து வரும். கட்டை செத்துப் போகும். குண்டு போச்சு.

அப்பத்தா: உங்கள் ஐயா ரேடியோவைத் தட்டுவார். அதற்குள் ஓர் ஊசல் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தப் பழக்கம் உனக்கு எங்கே ஒட்டியது?

பேரன்: இங்கேதான். பிரவுசிங் சென்டரில். விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ் கேடட்' என்று ஒரு பின்பால் சும்மா கூடவே வரும். எத்தனை பேர் அதில்...

அப்பத்தா: மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு போனாயே, பரீட்சை ரிசல்ட் பார்க்க என்று?

பேரன்: ரிசல்ட்டும் பார்த்தேன்.

அப்பத்தா: வருஷம் பூராவுமா ரிசல்ட் வந்தது? பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காசு பிடுங்குகிற இந்த மெஷினை அந்த ஊர்ச் சர்க்கார் சும்மாவா விட்டிருக்கிறது?

பேரன்: (யோசிக்காமல்) விடவில்லை. 1942இல் நியூயார்க் மேயர் லா கார்டியா தடை போட்டார். பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக் காசை இதில் போடுகிறார்கள் என்று நீங்கள் சொல்கிற அதே பேச்சு. ஆயிரக்கணக்கில் மெஷின்களைப் பறிமுதல் செய்து சம்மட்டியால் நொறுக்கினார்கள்.

அப்பத்தா: நல்ல மேயர்.

பேரன்: அப்பத்தா!

அப்பத்தா: 42லா? அந்த வருஷம்தான் எங்கள் மாமனார் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டதில் கடை, வயல், கொடுத்த கடன் எல்லாம் அங்கேயே. அங்கே ஊரே ஓடுகிறது, இங்கே ஒரு மேயர் சாவகாசமாகக் குண்டு உருட்டுகிற மெஷினை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் இப்போது எங்கே?

பேரன்: காலமாகிவிட்டார். அவர் பெயரில் அங்கே ஒரு விமான நிலையம் இருக்கிறது.

அப்பத்தா: வைக்க வேண்டியதுதான். நீ அங்கேதானே இறங்குகிறாய்?

பேரன்: இல்லை, கென்னடியில்.

அப்பத்தா: நேரே போக முடியாதா? ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாமே.

பேரன்: கேளுங்கள், அந்தத் தடையை 1976இல் எடுத்துவிட்டார்கள். ரோஜர் ஷார்ப் என்று ஒரு பத்திரிகைக்காரர், நகரசபை ஆட்கள் முன்னால் ஆடிக் காட்டினார். இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு மெஷின் கொண்டுபோயிருந்தார். அவர் பழகியதில் ஆட வேண்டாம், ஸ்பேர் மெஷினில் ஆடு என்றார்கள். "இந்தக் குண்டு நடுப்பாதை வழியாகத்தான் போகும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இழுத்து விட்டார். அப்படியே போயிற்று!

அப்பத்தா: ஒரு குண்டு சொன்ன வழியில் போனதற்கு 34 வருஷத் தடை போய்விட்டதா? பட்டாவில் ஓர் இனிஷியல் திருத்த நான் நாலு வருஷமாக நடக்கிறேன். அவர்கள் முன்னால் எதை உருட்டிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அது போகட்டும். இதற்கு நியூயார்க் எதற்கு? மெட்ராஸில் கிடையாதா?

பேரன்: (பெருமூச்சு) தேடினேன். போன வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது.

அப்பத்தா: துணி எடுக்கப் போன இடத்திலும் குண்டா?

பேரன்: ஒரு மாலில் மேல்மாடியில் கேம் சோன். போனில் கேட்டேன், பின்பால் இருக்கிறதா என்று. "இருக்கு சார், வாங்க சார்" என்றார்கள். பல்லவன் ரயிலில் எழும்பூர் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் ஓடினேன். இருந்தது. மூலையில், ஒரே ஒரு மெஷின். அதன் மேல் யாரோ பாப்கார்ன் டப்பாவை வைத்திருந்தார்கள்.

அப்பத்தா: காசு போட்டாயா?

பேரன்: காசு போட முடியாது. அட்டை வாங்க வேண்டும். குறைந்தது 500 ரூபாய்.

அப்பத்தா: ஓர் ஆட்டம் எவ்வளவு?

பேரன்: 70.

அப்பத்தா: 70 ரூபாய் ஆட்டத்துக்கு எதற்கு 500?

பேரன்: அதுதான் முறையாம். அதில் அட்டைக்கு 50 பிடித்துக்கொள்வார்கள்.

அப்பத்தா: அட்டையில் என்ன, வெள்ளி ஜரிகையா?

பேரன்: பிளாஸ்டிக். முதல் ஆட்டத்தில் இடது கட்டை வேலை செய்யவில்லை. போய்ச் சொன்னேன். "சர்வீஸ் ஆள் வருவார் சார்" என்றான். கொஞ்ச நேரம் நின்று, சரியாகியிருக்கும் என்று இன்னோர் ஆட்டம் போட்டேன். வலது கட்டையும் போயிற்று.

அப்பத்தா: 500இல் 50 அட்டை. 140 ஆட்டம். மிச்சம் 310. அதை வாங்கிக்கொண்டு வந்தாயா?

பேரன்: ரீஃபண்ட் கிடையாதாம். கல்லாவுக்குப் பின்னால் சின்ன எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "வேறு கேம் ஆடுங்கள் சார், பொம்மை பிடிக்கிற மெஷின் நன்றாக இருக்கும்" என்றான்.

அப்பத்தா: 310 ரூபாய்.

பேரன்: ஆமாம், போனால் போகிறது.

அப்பத்தா: எது போனால் போகிறது? நீ கொடுத்த பணம், நீ செலவழிக்காத பணம், அவன் கையில் இருக்கிறது. அதற்கு என்ன பெயர்?

பேரன்: பேலன்ஸ்.

அப்பத்தா: வைப்பு. வைப்புக்கு என்ன உண்டு?

பேரன்: ...வட்டி.

அப்பத்தா: எத்தனை வட்டி தந்தான்?

பேரன்: அப்பத்தா, அது கேம் சோன்.

அப்பத்தா: ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்?

பேரன்: கால் வைக்க இடம் இருக்காது.

அப்பத்தா: 500 பேர் என்று வை. ஆளுக்கு 100 ரூபாய் மிச்சம் விட்டுப் போகிறான். 50,000 ஆயிற்றா? ஒரே நாளில். நோட்டு எழுதிக் கொடுக்கவில்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, தவணை சொல்லவில்லை, வட்டி பற்றிப் பேச்சே இல்லை. நம் ஆட்கள் கப்பல் ஏறிப் போய், சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்ததற்கு இன்றைக்கும் ஏச்சு வாங்குகிறார்கள். பாவம், அவர்களுக்குக் குண்டு உருட்டத் தெரியாமல் போய்விட்டது.

(இதே மாதிரி ஓர் அட்டை இதை எழுதுகிற என் பர்ஸிலும் இருக்கிறது. அதனால் நடுநிலை வகிக்கிற மாதிரி நான் நடிக்கப் போவதில்லை.)

பேரன்: ஒரு விளையாட்டுக்குப் போய் இப்படியா கணக்குப் பார்ப்பது?

அப்பத்தா: அந்த மேயர் இருந்தால் பார்த்திருப்பார். சம்மட்டியோடு வந்திருப்பார்.

பேரன்: மெஷினை உடைக்க வந்திருப்பார்!

அப்பத்தா: முதலில் கல்லாவை உடைக்கச் சொல்லியிருப்பேன். நியூயார்க்கிலும் இப்படித்தானா, அட்டை?

பேரன்: அட்டை கேட்கிற இடங்களும் உண்டு. நான் தேடுவது காசு போடுகிற இடம். கால் டாலர் நாணயம் நாலு போட்டால் பெரும்பாலும் ஓர் ஆட்டம். ஆடவில்லை என்றால் மிச்ச நாணயம் நம் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அப்பத்தா: அப்படிச் சொல். அது நாணயம்.

பேரன்: அதோடு இப்போது போனில் கேட்டு ஏமாற வேண்டியதில்லை. 'பின்பால் மேப்' என்று ஒன்று இருக்கிறது. ஆடுகிறவர்களே எழுதுவது. எந்த ஊரில், எந்தக் கடையில், என்ன மெஷின் என்று இருக்கும். "இடது கட்டைக்குச் சோம்பல்", "குண்டு மாட்டிக்கொள்கிறது" என்று அதன் உடம்பு நிலையைக்கூடச் சொல்லியிருப்பார்கள். பாதி இடங்கள் பார்தான். சாயங்காலம் கூட்டம் வருவதற்கு முன்னால் போனால்...

அப்பத்தா: பாரா?

பேரன்: (நாக்கைக் கடித்துக்கொண்டு) பார்... பார்க்கிற இடம்.

அப்பத்தா: நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாதே. சலவைக் கடையோடு நிறுத்திக்கொள்.

பேரன்: சரி. ஆனால் ஒரு நல்ல விஷயம் கேளுங்கள். குறிப்பிட்ட ஸ்கோரைத் தாண்டினால் ஓர் ஆட்டம் இலவசமாகக் கொடுக்கும். உள்ளேயிருந்து 'டக்' என்று பலகையில் சுத்தியல் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கடையே திரும்பிப் பார்க்கும்.

அப்பத்தா: மெஷின் திருப்பிக் கொடுக்கிறதா?

பேரன்: காசாக இல்லை. ஆட்டமாக.

அப்பத்தா: வட்டி பண்டமாக வருகிறது. ஒப்புக்கொள்ளலாம். அந்த மெஷினுக்கு இருக்கிற புத்தி உன் மாலுக்கு இல்லை. எங்கே அந்த அட்டை?

பேரன்: பர்ஸில்தான். எதற்கு?

அப்பத்தா: கொடு. நான் எழும்பூர் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

பேரன்: அதில் ஒன்றும் இல்லை அப்பத்தா. ஆறு மாதத்தில் காலாவதி. அது முடிந்தே பல மாதம் ஆகிவிட்டது.

அப்பத்தா: கடன் காலாவதி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாங்கினவனே கெடு வைத்துக்கொண்டு காலாவதி ஆக்குவது இப்போதுதான் கேட்கிறேன். கொடு இப்படி.

(எழுந்து உள்ளே போகிறார். இரும்புப் பெட்டி திறக்கிற சத்தம். பேரனும் பின்னாலேயே போகிறான்.)

பேரன்: என்ன தேடுகிறீர்கள்?

அப்பத்தா: இடம். இந்த ரங்கூன் காகிதக் கட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. மெதுவாக, ஓரம் உதிர்கிறது.

பேரன்: அட்டையையா இதற்குள் வைக்கிறீர்கள்?

அப்பத்தா: வராத பாக்கி எல்லாம் ஓர் இடத்தில் இருக்கட்டும். ஐந்தொகை போடும்போது தேட வேண்டாம்.

பேரன்: (கொஞ்ச நேரம் கழித்து) சரி. அப்புறம், அந்தச் சோப்பை வெளியே எடுத்துவிடட்டுமா? பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. தேன்குழலும் மணகோலமுமே பத்துக் கிலோ வந்துவிட்டது.

அப்பத்தா: நாலு கட்டியை எடு. இரண்டு இருக்கட்டும். அங்கேயும் இடது கட்டை ஓடவில்லை என்றால் துணியையாவது துவைத்துக்கொண்டு வா.