சிறையில் யோசேப்பு என்ன சொன்னான்?

போன வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறுதல் சொல்ல வந்த பெரியவர் ஒருவர், "யோசேப்பைப் பாருங்கம்மா, கடைசியில எல்லாம் நன்மையாத்தானே முடிஞ்சது" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார். கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தை 37-ஆம் அதிகாரத்திலிருந்து மறுபடி படித்தேன். அண்ணன்மார் குழியில் போட்டு, பிறகு விற்றுவிட்ட யோசேப்பு, எகிப்தில் அடிமையாகி, சிறைக்குப் போய், கடைசியில் அதிகாரியாகி, பஞ்சத்தில் அதே அண்ணன்மாருக்குத் தானியம் கொடுக்கிற கதை அது.

இந்தக் கதையில் தேவன் யோசேப்போடு ஒரு தடவைகூட நேரில் பேசுவதில்லை. அவன் கொள்ளுத்தாத்தா ஆபிரகாமோடு பேசினார், அப்பா யாக்கோபோடு பேசினார். இவனுக்கு வந்ததெல்லாம் சொப்பனம்தான். கர்த்தர் அவனோடே இருந்தார் என்று வாசிக்கிற நமக்குத் தெரிகிறது. சிறையில் கிடந்தவனிடம் யாரும் வந்து அதைச் சொன்னதாக இல்லை.

கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் சீகேம் ஊரில் வருகிறது. 17 வயதுப் பையன், எபிரோனிலிருந்து அண்ணன்மாரைத் தேடி வந்திருக்கிறான். அவர்களைக் காணோம். வயல்வெளியில் திக்குத் தெரியாமல் சுற்றுகிறவனை ஒருவர் பார்த்து, யாரைத் தேடுகிறாய் என்று கேட்கிறார். தோத்தானுக்குப் போவோம் என்று அவர்கள் பேசியது காதில் விழுந்தது என்கிறார். அவ்வளவுதான், ஆளுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவர் அன்று வேறு பக்கம் போயிருந்தால் பையன் வீடு திரும்பியிருப்பான். குழியும் இல்லை, எகிப்தும் இல்லை, பஞ்சத்தில் தானியமும் இல்லை. யூத உரையாசிரியர் ராஷி அவரைக் காபிரியேல் தூதன் என்கிறார். அவர் சும்மா வழியில் போன ஆளாக இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, தேவனுடைய கை இருந்தது. அதற்காக அந்தக் குழி நல்ல குழியாகிவிடுமா? தம்பியை உள்ளே போட்டுவிட்டு அண்ணன்மார் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் கெஞ்சினான் என்பதே அந்த அதிகாரத்தில் இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து, 42-ஆம் அதிகாரத்தில், அவர்கள் வாயிலிருந்தே அது வருகிறது.

சிறையில் கூட இருந்த பானபாத்திரக்காரனிடம், அதாவது எகிப்து ராஜா பார்வோனுக்கு மது பரிமாறுகிறவனிடம், யோசேப்பு தன் கதையைச் சொல்லும்போது, களவாய்க் கொண்டுவரப்பட்டேன் என்கிறான். தேவன் அனுப்பினார் என்ற பேச்சே அங்கே இல்லை. பானபாத்திரக்காரனோ வெளியே போய் இரண்டு வருஷம் அவனை மறந்தே போனான். உயிர்களைக் காக்க தேவன் என்னை முன்னே அனுப்பினார் என்று யோசேப்பு அண்ணன்மாரிடம் சொல்வது 39 வயதுவாக்கில், அதுவும் நீங்கள் விற்றுப்போட்ட யோசேப்பு நான்தான் என்று சொன்ன பிறகு. அப்பா இறந்த பின்னும் அதே வரிசைதான்: நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ நன்மையாக முடியப்பண்ணினார். முதல் பாதியை நாம் முழுங்கிவிடுகிறோம். இதைச் சொல்லும் உரிமையும் அவனுக்குத்தான் இருந்தது. அவனை விற்கலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் யூதா சொல்லியிருந்தால் காது கொடுத்துக் கேட்க முடியுமா?

அப்புறம் யாக்கோபு. செத்துப்போனான் என்று நினைத்த மகன் ராஜமரியாதையோடு பக்கத்தில் இருக்கிறான். உமக்கு என்ன வயது என்று பார்வோன் கேட்கிறான். 130 என்ற கிழவர், என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமும்தான் என்கிறார். பார்வோன் ஆறுதலாக ஏதாவது சொன்னதாக இல்லை. கிழவர் அவனை ஆசீர்வதித்துவிட்டு வெளியே போகிறார்.