ரேஷன் அரிசியில் மிதக்கும் வெள்ளை மணிகளைப் பொறுக்கி எறியாதீர்கள்

ரேஷன் புழுங்கல் அரிசியைக் களையும்போது சில மணிகள் மேலே மிதக்கும். மற்றதைவிட வெளுப்பாக இருக்கும். "பிளாஸ்டிக் கலந்துட்டாங்க" என்று முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். சேர்த்த சத்து இருப்பதே அந்த மணிகளில்தான்.

அது ரத்தசோகையைக் குறைக்க அரசே கலக்கும் செறிவூட்டிய அரிசி. செய்வது அரிசிமாவில். அதோடு இரும்புச்சத்தும், ஃபோலிக் அமிலம், பி12 என்ற வைட்டமின்களும் சேர்த்து, நீர்விட்டுப் பிசைந்து, சேமியா பிழிவதுபோல இயந்திரத்தில் அழுத்தி, அரிசி அளவுக்கு வெட்டிக் காயவைக்கிறார்கள். மாவை அழுத்திச் செய்வதால் சில மணிகள் சாதா அரிசியைவிட லேசாக இருந்து மிதக்கும். சந்தேகமென்றால் பத்து மணியைத் தனியாக வேகவைத்து விரலால் நசுக்குங்கள், மசிந்துவிடும்.

100 கிலோ அரிசிக்கு இது 1 கிலோ. அதாவது ஒரு ஆழாக்கு அரிசியில் சில டஜன் மணிகள்தான். அதையும் பொறுக்கிவிட்டால் மிஞ்சுவது சாதா அரிசி.

கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி சாப்பிட்டால் 4 முதல் 6 மில்லிகிராம். பெண்ணுக்குத் தேவை 29. இந்த அரிசி மட்டும் ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அந்த 4 மில்லிகிராமையும் குப்பையில் போடக் கூடாது.

சமைக்கும்போதும் இழப்பு உண்டு. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் அமிலமும் பி12-ம் ஓரளவு அதோடு போகும். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் வையுங்கள், வடித்தால் கஞ்சியைக் குடியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது.

அரிசி ஆலையில் இந்த மணிகளைக் கலக்கும்போதுதான் பெரிய தப்பு நடக்கும். அளந்து விழவைக்கும் இயந்திரம் சரியாக ஓடாமல் கைக்கணக்கில் கொட்டினால் ஒரு மூட்டையில் குவியும், அடுத்ததில் ஒன்றும் இருக்காது. கிடங்கில் மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் 100 கிராம் எடுத்து, மணிகளைப் பிரித்து நிறுத்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 1 கிராம் தேற வேண்டும். அரை மணி நேர வேலை.

2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்த திட்டம் இது. சாப்பிடுகிறவர்களுக்கு விளக்க, ரேஷன் கடையில் எடைபோடும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் அந்த மணிகளை வைத்துக் காட்டியிருந்தாலே போதும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு ஏற்கெனவே உடம்பில் இரும்பு கூடுதல். அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் இதைச் சாப்பிட வேண்டும். அந்த வீடுகளுக்குச் சத்து சேர்க்காத அரிசி கடையிலேயே கேட்டதும் கிடைக்க வேண்டும்.