'மா' எங்கும் தாய்தானா?
"எந்த மொழியிலும் 'மா' என்றால் தாய்தான், எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே" என்று 'மா' என்ற சொல்லைப் பற்றிய கட்டுரை ஒன்று முடிப்பதை ஏற்க முடியவில்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டிலேயே மா என்றால் நடுவீட்டுக் கோலத்துக்கு அரைக்கும் அரிசி மா, தோரணத்து மாவிலை, பழைய நிலக்கணக்கில் வேலி என்ற அளவில் 20-ல் ஒரு பங்கு. சைகோனில் பெட்டியடியில் (செட்டியார் வட்டிக்கடையில்) இருந்த எங்கள் ஐயா, வியட்நாமியர் வாயில் அதே ஒலி பேயைக் குறிக்கும் என்பார். பர்மியத்தில் சற்றுக் குறுகி, பெண்கள் பெயருக்கு முன் மரியாதைச் சொல்லாக வரும். வினைக்கு முன் வந்தால் எதிர்மறை. சீனத்திலும் 'மா' தாய்தான் என்று அந்தக் கட்டுரைக்குச் சான்று காட்டிய நண்பர் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, விட்டுவிட்டார்: உயர்ந்து சமமாக ஒலித்தால் தாய், தாழ்ந்து எழுந்தால் குதிரை, சட்டென இறங்கினால் திட்டுதல். குழந்தை வாயில் எளிதாக வரும் ஒலி என்பது உண்மைதான், ஆனால் அதுவும் எங்கும் தாயிடம் போய்ச் சேரவில்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்பது தந்தை. 'தெதா' என்றால்தான் தாய்.