தொடை வழி ஸ்டென்ட் வைத்தால் அப்புறம் ஸ்கேனே வேண்டாமா?

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வயிற்றுப் பெருந்தமனி வீங்கினால் வயிற்றைக் கிழிக்க வேண்டாம். தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தால் ஆயுளுக்கும் கவலையில்லை. பிறகு ஸ்கேன் எடுக்கச் சொல்வது காசு பிடுங்கத்தான்."

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், ஸ்டென்ட் என்பது அதற்குள் வைக்கும் செயற்கைக் குழாய். செய்தியின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 1,252 பேரைச் சேர்த்து நடத்திய இவார்-1 ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 1.8 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்த பிரிவில் 4.3 சதவீதம். செய்தி இதோடு நின்றுவிடுகிறது, ஆய்வு நிற்கவில்லை. 15 ஆண்டுக் கணக்கு 2016-ல் வந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வீக்கம் தொடர்பான இறப்பு ஸ்டென்ட் பிரிவில்தான் அதிகம். முக்கியக் காரணம், பழைய வீக்கம் பின்னாளில் வெடித்தது.

எப்படி? இது பழைய குழாய்க்குள் புதுக் குழாய் செருகியது மாதிரி. வீங்கிய சுவர் வெளியே அப்படியே இருக்கிறது. ஓரத்தில் ரத்தம் கசிந்தாலோ, ஸ்டென்ட் நழுவினாலோ அழுத்தம் திரும்ப ஏறும். பெரும்பாலும் வலிக்காது, ஸ்கேனில்தான் தெரியும். ஸ்கேனுக்காகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போகச் சோம்பல்படுகிறவர்களுக்கு இந்தச் செய்தி ரொம்ப வசதி, அதுதான் ஆபத்து.

எல்லாருடைய ரத்தக்குழாய் அமைப்புக்கும் ஸ்டென்ட் பொருந்தாது என்பதும் செய்தியில் இல்லை. ஏற்கெனவே வைத்தவர்கள் மருத்துவர் சொன்ன தேதியில் ஸ்கேனுக்குப் போகவேண்டும், பொதுவாக ஆண்டுக்கொருமுறை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்குப் பதில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று பார்ப்பார்கள்.