இணைச்சீரைக் காணோமுங்க

டிவிடி ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சா டிவியில ஓடும்னு சொல்றவங்க ஒருக்கா கோபிப் பக்கம் வந்து, எங்க அம்மிச்சிக்கு, அதான் அம்மாவைப் பெத்தவங்களுக்கு, ஓட்டிக் காட்டிட்டுப் போங்க. ஓடுதுங்க. ஓடற லட்சணம்தான் வயித்தெரிச்சல்.

மாமா கல்யாண டிவிடி. தட்டுல கீறல் விழுகுதுன்னு மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தியாச்சு. தட்டைப் போட்டா முதல்ல மெனு வரும். ரோசாப்பூ பறக்கும், நாதஸ்வரம் ஊதும். முகூர்த்தக்கால், இணைச்சீர் (மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ செய்யற சீர்), மங்கள வாழ்த்து, தாலிகட்டுன்னு பொத்தான் நிக்கும். ரிமோட்ல ரெண்டு தட்டு, ஓகே, முடிஞ்சது. அதே ஃபோல்டரை டிவி யூஎஸ்பியில சொருகுனா படமும் சத்தமும் இருக்கற வெறும் வி.ஓ.பி. ஃபைலா வரிசை கட்டுது. மெனு இருக்கற ஃபைலைத் தட்டுனா ரோசாப்பூ பறக்குது, பொத்தான் ஒண்ணும் வேலை செய்யறதில்ல.

இதுல இன்னொரு கூத்து. டிவிடியில ஒரு வி.ஓ.பி. 1 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. அளவு நெறஞ்சா வெட்டு. அங்க தாலி ஏறுதா, பந்தி நடக்குதான்னு அதுக்கென்ன தெரியும்? சடங்கை நடத்தி வெக்கற அருமைக்காரர் கையை எடுக்கறாரு, படம் நின்னு ஃபைல் லிஸ்ட் வந்து நிக்குது. "ஏஞ்சாமி, இணைச்சீரு எங்க போச்சு?"ன்னு அம்மிச்சி கேக்குது. அதுல நிக்கறது எங்கம்மா. அம்மிச்சி பாக்கோணும்னு கேக்கறதே அந்த ஒரு இடந்தான்.

எங்கயும் போகலீங்க. எந்தத் துண்டு எங்க இருக்குது, எந்தத் துண்டுக்குப் பொறவு எந்தத் துண்டுன்னு எல்லாம் ஐ.எஃப்.ஓ. ஃபைல்ல எழுதியிருக்கு. அது கெட்டுப்போனா இருக்கட்டும்னு பி.யூ.பி.ன்னு ஒரு நகல் வேற. எல்லாம் அதே ஃபோல்டர்லதான் கெடக்குது. சில கே.பி. படிக்கறதுக்கு இந்த டிவிக்கு வலிக்குது.

லைசென்சுன்னு சாக்குச் சொல்லுவாங்க. எம்பெக்-2ங்கற முறையில பதிஞ்ச டிவிடிப் படத்தையே காட்டுதே, பொறவென்ன? காப்பி எடுக்க முடியாம போடற பூட்டுன்னு சொல்லுவாங்க. பூட்டுப் போடறது கம்பெனி சினிமா டிவிடிக்கு; கல்யாண வீடியோவுக்கு ஏதுங்க பூட்டு? இதையெல்லாம் விட மோசம் எங்க வீட்டு டிவிடி பிளேயர். தட்டைப் போட்டா மெனுவை அழகாக் காட்டற அதே பொட்டி, அதே ஃபோல்டரை யூஎஸ்பியில குடுத்தா மெனுவா, அப்படின்னா என்னங்குது.

கடையில கேட்டா, "எம்பி4 ஆக்கிக் குடுத்தர்றேனுங்க, சைஸும் கொறையும்"ங்கறாங்க. சைஸை ஆரு கேட்டா? மெனு போயிருமே! மணிக்கணக்கா ஓடற ஒரே ஃபைல்ல இணைச்சீரைத் தேடி அம்மிச்சி ரிமோட்டை அமுக்கிட்டே உக்காந்திருக்கோணுமா?

கடைசியில பழைய லேப்டாப்புதான் கைகுடுத்தது. வி.எல்.சி.யில 'ஓபன் டிஸ்க்' போயி, 'நோ டிஸ்க் மெனுஸ்' டிக்கை எடுத்துட்டு, ஃபைலைக் காட்டாம ஃபோல்டரைக் காட்டுனா, மெனு, பொத்தான், வரிசை எல்லாம் வந்துருது. காசில்லாம கெடைக்கற சாஃப்ட்வேர் அது. இப்ப எச்.டி.எம்.ஐ. ஒயரைக் கட்டி, லேப்டாப்பை முக்காலி மேல வெச்சு, அம்மிச்சிக்காக நான் மவுஸை உருட்டிட்டு உக்காந்திருக்கேன். செவுத்துல தொங்கறது என்னமோ ஸ்மார்ட் டிவியாமா.