தலை எண்ணுவதற்கு மட்டுமா டீச்சர்?

பிள்ளைகளை வரலாற்று மியூசியத்துக்கு அழைத்துப் போகும் நாளில் டீச்சர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பஸ்ஸில் ஏறும்போது தலை எண்ணுகிறார், இறங்கும்போது எண்ணுகிறார். கழிப்பறைக்குப் போனவன் வந்துவிட்டானா என்று பார்க்கிறார். கண்ணாடிப் பேழையில் கை வைப்பவளை அதட்டுகிறார். பாடம் சொல்லும் வேலையை மியூசியத்தின் வழிகாட்டி எடுத்துக்கொள்கிறார். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு இருப்பவர், யாருக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்று அறிந்தவர், ஓரமாக நிற்கிறார்.

என் ஆதங்கம் இதுதான். மியூசியங்கள் பள்ளிகளுக்கு நிறையவே செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவி பெரும்பாலும் டீச்சரைத் தாண்டி நேராகப் பிள்ளைகளிடம் போகிறது. ஒரு வகுப்புக்குச் செய்தால் அந்த வகுப்போடு சரி. டீச்சருக்குச் செய்தால் அவர் ஓய்வுபெறும்வரை வருகிற எல்லா வகுப்புக்கும் போகும்.

இது புதுச் சிந்தனையும் இல்லை. அமெரிக்காவின் நியூவார்க் மியூசியத்தை 1909-இல் தொடங்கிய ஜான் காட்டன் டேனா அடிப்படையில் ஒரு நூலகர். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பழகியவர் அல்லவா, மியூசியப் பொருள்களையும் பள்ளிகளுக்கு இரவல் கொடுத்தார். சிகாகோவின் ஃபீல்டு மியூசியமும் கிட்டத்தட்ட அதே காலத்திலேயே பெட்டி பெட்டியாகப் பள்ளிகளுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அது இயற்கை வரலாற்று மியூசியம், ஆனாலும் வழி ஒன்றுதான். இன்றும் பல நாடுகளில் இந்த இரவல் பெட்டிகள் உண்டு. உள்ளே சில பொருள்கள் அசல், சில பிரதி, கூடவே டீச்சருக்கான குறிப்பு. உடைந்த பானை ஓட்டைக் கையில் வாங்கியதும் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். உள்பக்கம் ஏன் கறுத்திருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் தானாக ஓடும்.

இப்போது பெட்டியின் இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் பல மியூசியங்களை நடத்துகிற ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012-லேயே அந்த வழியில் இறங்கிவிட்டது. பெரிய மனசுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நாளைய பாடத்துக்கு உட்காருகிற டீச்சர் 28 லட்சம் படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது நான்கு படம், அதை ஒட்டி இரண்டு நல்ல கேள்வி, நாற்பது நிமிஷத்துக்குள் முடிகிற ஒரு திட்டம். படத்தைப் பொறுக்கி எடுத்துக் கேள்வி எழுதுவதுதான் உண்மையான உழைப்பு, அந்தப் பொருளோடு வாழ்கிற மியூசியக்காரர்களுக்குத்தான் அது நன்றாக வரும். பிரிட்டிஷ் மியூசியம் பள்ளி வரலாற்றுக்கென்று நூறு பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னணியும் வகுப்பில் செய்யத்தக்க யோசனைகளும் சேர்த்துப் போட்டது. எனக்கு அந்த வகை பிடிக்கும்.

நல்ல பொருள் என்றால் எப்படி இருக்க வேண்டும்? என் கட்சி ஓன்ஃபிம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் இருந்த சிறுவன். ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். பூர்ச்ச மரப்பட்டையில் அவன் எழுதிப் பழகிய எழுத்துகளும் கிறுக்கிய படங்களும் மண்ணுக்குள் கெடாமல் கிடந்து 1956-இல் அகழாய்வில் கிடைத்தன. ஒரு பட்டையில் வரிசையாக எழுத்து எழுதிக்கொண்டே போகிறான், பாதியில் சலித்துவிட்டது போல. மிச்ச இடத்தில் குதிரை மேல் ஒரு வீரன், கீழே விழுந்து கிடக்கிற எதிரியை ஈட்டியால் குத்துகிறான். வீரனுக்குப் பக்கத்தில் ஓன்ஃபிம் என்று தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறான். இன்னொரு பட்டையில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு மிருகம், 'நான் காட்டு மிருகம்' என்று அதுவே சொல்வதுபோல ஒரு வரி. அவன் வரைந்த மனிதர்களின் கைகளோ குப்பை வாருகிற பல்வாரி மாதிரி இருக்கும், விரல் எண்ணிக்கையில் அவனுக்கு அக்கறையே இல்லை.

இந்தப் படத்தை வகுப்பில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். இருப்பது கஷ்டம், டீச்சர்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஆனாலும் இருக்க வேண்டும். என்ன தெரிகிறது, அதை வைத்து என்ன நினைக்கிறாய், எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டால் போதும். இது ஒரு பையன் வரைந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம், அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளும் எழுதப் படித்தார்களா, காகிதம் ஏன் இல்லை, மரப்பட்டை எப்படி இத்தனை காலம் மட்காமல் இருந்தது என்று போய்க்கொண்டே இருக்கும். வரலாற்றாசிரியர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுவேதான். பாடப்புத்தகத்தில் முடிவு மட்டும் அச்சாகி வருகிறது.

எதைச் செய்யக் கூடாது என்று டீச்சரிடம் சொல்வதும் பெரிய உதவி. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வாஷிங்டனில் 1993-இல் திறந்த யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் டீச்சர்களுக்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பு வைத்திருக்கிறது. அந்தக் கொடுமையை வகுப்பில் பிள்ளைகளை விட்டு நடித்துக் காட்டச் செய்யாதீர்கள் என்கிறது அது. பாதிக்கப்பட்டவர்களை வெறும் எண்ணிக்கையாகச் சொல்லாதீர்கள், ஆளாகச் சொல்லுங்கள் என்கிறது. ஒருவர் பட்ட துன்பத்தை இன்னொருவர் துன்பத்தோடு எடை போடாதீர்கள் என்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் பல டீச்சர்கள் பாதிப் பேரை அடிமைகளாகவும் பாதிப் பேரை எஜமானர்களாகவும் பிரித்து நடிக்க விடுகிறார்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் யாராவது ஒரு பிள்ளை நொறுங்கிப் போகும். இதைப் பக்கத்திலிருந்து எடுத்துச் சொல்ல டீச்சருக்கு ஆள் வேண்டும்.

சரி, நேரில் போவதற்கு வருவோம். போவதே வீண் என்கிற கட்சியில் நான் இல்லை. அமெரிக்காவில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோது அங்கே வர ஏகப்பட்ட பள்ளிகள் விண்ணப்பித்தன. குலுக்கல் முறையில் சில பள்ளிகளை முதலில் அனுப்பி, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள் ஆய்வாளர்கள். 123 பள்ளிகள், சுமார் 11 ஆயிரம் மாணவர்கள். அங்கே ஒரு பழைய ஓவியம், மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறவர்கள் பற்றியது. அடிமைகளின் உழைப்பில் வந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக, அடிமை முறையை எதிர்த்தவர்கள் இதைச் செய்தார்கள் என்று வழிகாட்டி சொல்கிறார். வாரக்கணக்கில் கழித்துக் கேட்டபோது அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு அது நினைவிருந்தது. பரீட்சைக்குப் படி என்று யாரும் சொல்லாமலே.

ஆனால் போகிற விதம் முக்கியம். பிள்ளைகள் வெளியிடங்களில் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜான் ஃபால்க்கும் அவருடைய சகாக்களும் 1978-லேயே எழுதிவிட்டார்கள்: பழகாத இடத்துக்குப் போனால் பிள்ளைகளின் கவனம் முதலில் இடத்தின் மேல்தான் இருக்கும், பாடத்தின் மேல் இருக்காது. ஆகவே மியூசியம் டீச்சருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியது வரலாற்றுக் குறிப்பு மட்டும் இல்லை. வாசல் எப்படி இருக்கும், சாப்பிட எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே, எந்தக் கூடத்தில் சத்தமாகப் பேசலாம் என்பதும்தான். டீச்சர் மட்டும் முன்னால் ஒருமுறை இலவசமாக வந்து பார்த்துவிட்டுப் போக வழி செய்தால் இதில் பாதி தீரும். சில மியூசியங்கள் செய்கின்றன. செய்யாதவர்களுக்கு அதில் என்ன செலவு என்று எனக்குப் புரியவில்லை.

ஒர்க்‌ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது கோடிட்ட இடங்களை நிரப்பு என்று தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பொருளைப் பார்க்க மாட்டார்கள், பேழையின் கீழே ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். ஒரு கூடம், ஒரு பொருள், பத்து நிமிஷம் உட்கார்ந்து வரைவது. அவ்வளவு போதும்.

இன்னொன்றையும் மியூசியங்கள் டீச்சர்களுக்குக் கொடுக்கத் தயங்கக் கூடாது: இந்தப் பொருள் இங்கே எப்படி வந்தது என்கிற கதை. 1897-இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தைச் சூறையாடி அள்ளிச் சென்ற வெண்கலச் சிற்பங்கள் பல நாட்டு மியூசியங்களில் இருக்கின்றன. அவற்றில் 29-ஐ 2022-இல் ஸ்மித்சோனியன் நைஜீரியாவுக்கே உரிமையாக்கியது. வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது. டீச்சர் கையில் பதில் இருக்கட்டும், அது மியூசியத்துக்குச் சங்கடமான பதிலாக இருந்தாலும்.

கடைசியாக, டூர் முடிந்து மியூசியம் நீட்டுகிற கருத்துப் படிவம். எத்தனை பேர் வந்தீர்கள், வழிகாட்டி அன்பாக நடந்துகொண்டாரா, மறுபடி வருவீர்களா. இதோடு இன்னும் இரண்டு வரி சேருங்கள்: நாங்கள் அனுப்பியதில் எதை வகுப்பில் பயன்படுத்தினீர்கள், எதைத் தொடவே இல்லை? இரண்டாவதற்கு வருகிற பதில்களை வைத்து அடுத்த வருஷக் குறிப்பை எழுதுங்கள், எழுதும்போது இரண்டு டீச்சர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.