வலது வர்றேண்ணே

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்டுக் கேட்டு வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள். கும்பகோணத்தில் எங்களுக்கு வாய்த்த பெரிய ஏற்றமே ஆற்றங்கரைதான். ஆனால் கொள்ளிடக் கரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவன் அப்படிக் கேட்க மாட்டான். ஒரு கிலோமீட்டருக்குள் பொதபொதவென்று மணல், பாளம் வெடித்த களி, டிராக்டர் பதித்துவிட்டுப் போன தடம், டியூபுக்கென்றே முளைத்த சீமைக்கருவேல முள் எல்லாம் வந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் கரைப்பக்கம் போகவே கூடாது. ஈரக் களியில் சக்கரம் கீறிய கோட்டில்தான் அடுத்த மழைத்தண்ணீர் ஓடும், கரை கரையும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டாலோ வேலையாட்களும் வண்டிகளும் கரை நிறைய. ஆக, சம்பா அறுத்த பிறகு தை மாசியிலிருந்து வைகாசி வரைக்கும்தான் எங்கள் சீசன். முப்பது நாற்பது பேர் கூடுவோம். ரிப்பன் கட்டி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு சுற்று போட்டு, நாலு சுற்று ஓட்டுவோம். பரிசு பெரும்பாலும் ஒரு டயர்.

அந்த ஒரு டயருக்காகத்தான் போன ஞாயிறு என்னை முள்ளில் தள்ளினார்கள்.

மதகுக்குக் கொஞ்சம் முன்னால் தடம் இரண்டடிதான் இருக்கும். இடது பக்கம் கருவேலம், வலது பக்கம் தண்ணீர் வற்றிய வாய்க்கால். பின்னாலிருந்து “தள்ளு, தள்ளு!” என்று ஒரு குரல். எங்கே தள்ளுவது? யோசித்து முடிப்பதற்குள் அவருடைய ஹேண்டில்பார் என் முழங்கையில் உரசியது, நான் முள்ளுக்குள் கிடந்தேன். வீட்டில் மனைவி ஊக்கை வைத்து எடுத்தாள். ஒன்பது முள். எண்ணியது அவள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியோடு.

பந்தயம் முடிந்து டீக்கடையில் அவர் சொன்ன நியாயம்: “ரூல்படி ஸ்லோவா போறவங்கதான் சார் வழி விடணும்.” ரூல் அப்படித்தான் இருக்கிறது. வேகமாக வருபவரை மறிக்காமல் முந்தவிட வேண்டும் என்கிறது உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐயின் விதி. அதே வாக்கியத்தின் முன்பாதி, ஓட்டுகிறவர் எந்நேரமும் விளையாட்டுக்குரிய பண்போடு நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த முன்பாதி டீக்கடைக்கு வருவதில்லை.

என் கட்சி இதுதான். முந்த ஆசைப்படுகிறவன்தான் பத்திரமாக முந்துவதற்கும் பொறுப்பு. முன்னால் போகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. எந்தப் பக்கம் வருகிறோம் என்று நாலு சைக்கிள் தூரத்திலேயே குரல் கொடுக்க வேண்டும். “வலது வர்றேண்ணே” போதும். அவன் “மதகுல விடுறேன்” என்றால் மதகுவரை பொறுக்க வேண்டும், சில நொடிதானே. முன்னால் போகிறவனும் மரியாதை காட்டுகிறேன் என்று நடுத்தடத்தில் பிரேக்கைப் பிடித்து நின்றுவிடக் கூடாது. அதே கோட்டில் போய்க்கொண்டிருந்து, அகலம் வந்ததும் ஒதுங்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவன் ஓட்டி வருகிறவனுக்கு விட வேண்டும். ஒரு சுற்று பின்தங்கியவன் கட்டாயம் விட வேண்டும். கடைசி நூறு மீட்டரில் இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது மட்டும் முன்னால் இருப்பவன் விட வேண்டியதில்லை, குறுக்கே வெட்டவும் கூடாது.

இடையில் ஒன்று. யூடியூபில் பார்த்துவிட்டு நம் பையன்கள் “ஆன் யுவர் லெஃப்ட்!” என்று கத்துகிறார்கள். அது அமெரிக்காக்காரன் கத்துவது. அங்கே வலப்பக்கம் போய் இடப்பக்கம் முந்துவார்கள். இடது ஓரமாகவே ஓட்டிப் பழகிய நம்மூர் ஆளிடம் லெஃப்ட் என்று கத்தினால் அவன் லெஃப்டில்தான் ஒதுங்குவான். நீங்களும் அங்கேதானே வருகிறீர்கள்?

பெரிய யோக்கியன் மாதிரி பேசுகிறேன். மூன்று வருடம் முன்பு இதே கரையில் ஒருவரை நான் குரல் கொடுக்காமல் முந்தினேன். பணி ஓய்வு பெற்ற பெரியவர், அதுதான் அவருக்கு முதல் பந்தயம். சத்தம் கேட்டுத் திரும்பினார். தலை திரும்பிய பக்கம் ஹேண்டிலும் திரும்ப, வாய்க்காலுக்குள் போய்விட்டார். நான் நிற்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மிதித்தேன். பாலிடெக்னிக் பையன் ஒருவன்தான் பந்தயத்தை விட்டுவிட்டு, ஆள் வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காறை எலும்பு முறிவு. எனக்கு ஆறாம் இடம். ஆறாம் இடத்துக்கு ஒன்றும் கிடையாது. மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, “சொல்லிருந்தா நானே ஒதுங்கிருப்பேனே தம்பி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு அவருடைய ஹேண்டில்பார் முனையில் மூடி வேறு இல்லை. அது அவர் வயிற்றில் குத்தாமல் மண்ணில் குத்தியது. கரையில் வட்டமாக ஒரு துண்டைப் பெயர்த்திருந்ததைப் பார்த்தேன். மூடி தொலைந்துவிட்டால் ஒரு கார்க்கையாவது அடித்து இறக்குங்கள். மூடி இல்லாத வண்டியை ஸ்டார்ட்டில் நிற்க விடவே கூடாது.

இப்போது குறுக்குவழி. தடத்தை விட்டு விலகினால், விலகிய இடத்திலேயே திரும்ப ஏற வேண்டும் என்பது விதி. யாரும் தூரத்தைத் திருடக் கூடாது என்பதற்காக வைத்தது. டெல்டாவில் இன்னொரு காரணமும் உண்டு, வெளியூர் ஆட்களுக்கு அது கண்ணில் படாது. போன ஞாயிறு கரை வளைகிற இடத்தில் நாலைந்து பேர் கீழே இறங்கி, அறுத்த வயலுக்குள் நேராக ஓட்டி அந்தப் பக்கம் ஏறினார்கள். மிச்சம் பிடித்தது நூறு மீட்டர் இருக்கும். வெறும் நெல்தாள்தானே என்று நினைத்திருப்பார்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் ஈரத்தோடு உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுப்பு முடிந்ததும் மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது பாட்டுக்கு வளரும். குனிந்து பார்த்தால்தான் தாளுக்கு நடுவே விரல் உயரத்தில் செடி தெரியும்.

ரிப்பன் அவிழ்க்கப் போனபோது வயல்காரம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். டயர் போன கோடு முழுக்கச் செடி மண்ணோடு அழுந்தி, அதன்மேல் டயர்ப் பல்லின் அச்சு அப்படியே இருந்தது. “கண்ணு தெரியாமலா ஓட்டுறானுவொ?” என்றார். ‘சும்மா விளையாட்டும்மா’ என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

குறுக்கே போனவர்களில் இரண்டு பேர் முதல் பத்துக்குள் இருக்கிறார்கள். நீக்க வேண்டும் என்றேன். “நம்ம பசங்கதானே, ஃப்ரெண்ட்லி ரேஸ்தானே” என்கிறார்கள். 2023 அக்டோபரில் கேரளத்துப் பொன்முடியில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்ததே, அந்த மாதிரி இடத்தில் தட்டிக் கேட்க நடுவர்கள் இருப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? அந்த அம்மாதான் இருந்தார். கரையில் நாம்தான் எல்லோருக்கும் பின்னால் வந்தவர்கள். மேய்ச்சலுக்குப் போகிற ஆடும், நெல் காயப் போட்டவர்களும், கஞ்சித்தூக்கோடு வருகிறவர்களும் நமக்கு வெகுகாலம் முன்னாலேயே அங்கே இருக்கிறார்கள். ஆடு எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டியது ஆடு இல்லை.

எல்லா விதியையும் இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. பெரிய போட்டிகளில் 80 விழுக்காடு கணக்கு ஒன்று உண்டு. முதல் ஆள் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தால், அவருக்கு 12 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியவரை வெளியே எடுத்துவிடுவார்கள். நமக்கு அது வேண்டாம். மூன்றரை மணிக்கு எழுந்து மன்னார்குடியிலிருந்து வந்தவன் மெதுவாகவே நாலு சுற்றையும் முடித்துவிட்டுப் போகட்டும், வழியை மட்டும் விட்டால் சரி.

கிழிந்த டியூபை மதகில் மாட்டிவிட்டுப் போன மகராசன் யார் என்று எனக்குத் தெரியும். எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளவும்.

வரும் ஞாயிறு அடுத்த பந்தயம். உளுந்து வயல் வளைவில் இந்தமுறை ரிப்பன் கிடையாது, கயிறு கட்டப் போகிறோம். குச்சி நட நாலு பேர் வேண்டும். விடிகாலை நாலரைக்கு மதகடியில் இருப்பேன். கட்ட வருகிறவர்கள் பதினோரு மணிக்கு அவிழ்க்கவும் இருக்க வேண்டும், போனமுறை மாதிரி நானும் இன்னொருவருமாக வெயிலில் சுற்ற முடியாது.